மழைக்காட்டு லாட்ஜில் மூன்று நாள்: தர்மபுரியில் இருந்து கேட்டவருக்கு

கேள்வி இது: "தர்மபுரியில் கடை வைத்திருக்கிறோம். நான், மனைவி, 8 வயது மகள், 66 வயது அம்மா. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மூன்று நாள் லீவு வருகிறது. மழைக்காட்டுக்குள் இருக்கும் இகோ லாட்ஜில் தங்க ஆசை. ஓசூர், ஒகேனக்கல் பக்கமே 'ரெயின்ஃபாரஸ்ட்' என்று பெயர் போட்ட விளம்பரம் பார்த்தேன். அங்கேயே போய்விடலாமா, வால்பாறை வரை போக வேண்டுமா? புக் செய்யுமுன் என்ன கேட்க வேண்டும்? அம்மா சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்."

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மழைக்காடு கிடையாது. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. நம் ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கின்றன. ஆண்டுச் சராசரி மழை 1,000 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. வால்பாறையில் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பெய்யும். கர்நாடகத்து ஆகும்பேயில் 7,000 மில்லிமீட்டரையும் தாண்டும். அந்த மழையில்தான் வருஷம் முழுக்க இலை உதிராத காடு நிற்கும். நம் மேலகிரி மலையில் இருப்பது வெக்காலி, ஊஞ்சை, சந்தனம், மூங்கில். பங்குனியில் போனால் பாதி மரம் மொட்டையாக நிற்கும். ஓடைப் பள்ளங்களில் பசுமை மாறாத மரங்கள் திட்டுத்திட்டாக உண்டு, காவிரிக் கரையோரம் நீர்மருது கிளை விரித்து நிற்கும், அவ்வளவுதான். மாந்தோப்பின் நடுவில் நாலு மூங்கில் புதர் வைத்து, ஸ்பிரிங்க்ளர் போட்டு, நீச்சல் குளம் வெட்டினால் அது மழைக்காடு ஆகிவிடாது. குளிக்க, கும்மாளம் போட நல்ல இடமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டது அதை இல்லை.

இதை நம் காட்டைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயம் என்று இரண்டை இந்தப் பகுதியில் அறிவித்திருக்கிறார்கள். யானை, சாம்பல் நிற அணில், நீர்நாய், முதலை எல்லாம் இருக்கும் காடு இது. ஆனால் இங்கே பார்த்துப் பழகிய கண்ணோடு மழைக்காட்டுக்குப் போனால் முதல் நாளே ஏமாற்றம் வரும். நான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரன், பறவை பார்க்கும் கிறுக்கில் இரண்டு வகைக் காட்டிலும் அலைபவன் என்பதால், லாட்ஜ் விஷயத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் காடு என்றால் யானை. ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாவில் இருந்து ஜவளகிரி, தளி வழியாகக் கூட்டம் கூட்டமாக இறங்கும். பரண் கட்டி, பட்டாசோடு விடிய விடியக் காவல் இருக்கும் விவசாயிகளைக் கேட்டால் தெரியும், இங்கே யானையைப் பார்ப்பது கஷ்டமில்லை, பார்க்காமல் வீடு போய்ச் சேர்வதுதான் கஷ்டம். மழைக்காட்டில் கதை வேறு. மரங்கள் 30, 40 மீட்டர் உயரம். உச்சியில் இலை மூடிக்கொள்வதால் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வரும். பழமும் பூவும் பூச்சியும் மேலே இருப்பதால் உயிர்களும் மேலேதான் இருக்கும். பத்தடி தள்ளி மான் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ஜீப்பில் சுற்றி, 'என்ன சார், ஒன்றுமே காட்டவில்லை' என்று மேனேஜரிடம் சண்டை போடும் ஆட்களை எல்லா மழைக்காட்டு விடுதியிலும் பார்க்கலாம். அவர்கள் கேட்டது வேறு காடு, பணம் கட்டியது வேறு காட்டுக்கு.

அப்புறம் என்னதான் கிடைக்கும்? காலை ஆறு மணிக்கு வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு, போனை உள்ளே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்காருங்கள். முதலில் சீகாரப் பூங்குருவி பாடும். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பையன் பாட்டு மறந்துபோய் இஷ்டத்துக்கு விசிலடிப்பது போல இருக்கும். வெளிச்சம் வந்ததும் எங்கோ மேலே 'ஹூஷ், ஹூஷ்' என்று ஒரு சத்தம் நெருங்கும். இருவாச்சியின் இறக்கைச் சத்தம் அது. பறவை தெரியும்முன் சத்தம் வந்துவிடும், நிமிர்ந்து பார்ப்பதற்குள் இலைக்குள் மறைந்தும்விடும். கொஞ்ச நேரம் கழித்து மரத்தில் இருந்து சோளப்பொரி கொட்டுகிற மாதிரி ஏதாவது விழ ஆரம்பித்தால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டாம், உட்கார்ந்தபடியே தரையைப் பாருங்கள். வெடிப்பலா பூக்கும் காலமாக இருந்தால், கிளையோடு ஒட்டிப் பூக்கும் அந்தப் பழுப்பு நிறப் பூவைச் சிங்கவால் குரங்கு பிய்த்துச் சப்பிவிட்டுப் போடுவதாக இருக்கும். கூட்டமாக வரும், கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கும் குரங்கு. இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது, நேரமும் கிடையாது. சும்மா உட்காரத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கு இது உங்களைவிட நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, நீங்கள் கேட்ட ஆகஸ்ட் பயணம். வேண்டாம். தவளைக்காகவும், இரவில் பச்சையாக ஒளிரும் காளானுக்காகவும் கொட்டும் மழையில் போகும் ஆட்கள் உண்டு. அவர்கள் தனியாகப் போகிறவர்கள், வேலையே அதுதான். வயதான அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தென்மேற்குப் பருவமழை நடுவில் மலைச்சரிவு விடுதியில் தங்குவதற்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்ததில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பே மண்ணுக்குள் போனது. இரண்டுமே இரவில், ஆட்கள் தூங்கும் நேரத்தில் நடந்தவை. சரிவு இல்லாவிட்டாலும் சாலையில் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்க வழி அடைபடுவது அங்கே வாடிக்கை. மூன்று நாள் லீவில் ஒரு நாள் அப்படிப் போனால் கடையை யார் திறப்பது?

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் காலம் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசியில் இருந்து பிப்ரவரி முதல் வாரத்துக்குள். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும், ரத்தம் உறிஞ்சும் அட்டை குறைந்திருக்கும், இருவாச்சிகள் கூடு பார்க்க ஆரம்பித்திருக்கும். பிப்ரவரி நடுவில் இருந்து தீக்காலம் என்று தமிழ்நாடு வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடும், அதனால் அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம். மகளுக்குப் பள்ளி லீவு என்று பார்த்தால் அரையாண்டு விடுமுறைதான். ஆனால் கிறிஸ்துமஸில் இருந்து புத்தாண்டு வரை மலையில் வாடகையும் கூட்டமும் இரண்டு மடங்கு. ஒரு வெள்ளியும் திங்களும் லீவு எழுதிக்கொடுப்பது புண்ணியம்.

எங்கே என்றால், முதலில் வால்பாறை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வால்பாறையே மழைக்காடு இல்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகம் சுற்றி இருக்க, நடுவில் தேயிலை. தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு. இங்கே பெரும்பாலான தங்குமிடங்கள் பழைய தோட்ட பங்களாக்கள் அல்லது தேயிலைக்குள் கட்டிய ஹோம்ஸ்டே. ஜன்னலைத் திறந்தால் தேயிலைதான் தெரியும், காடு கொஞ்சம் தள்ளி இருக்கும். உங்களுக்கு அது நல்லதுதான். அம்மாவுக்கு நடக்க வழி இருக்கும், வெளிச்சம் இருக்கும், மருந்துக்கடை ஊருக்குள் இருக்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு சாலையோரத்திலேயே தெரியும். முறுக்கு, பழம் எதையும் நீட்டாதீர்கள். சாலையில் தின்னப் பழகிய குரங்கு சாலையிலேயே அடிபட்டுச் சாகும். அதற்காகத்தான் அங்கே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

காட்டுக்குள்ளேயே தங்க வேண்டும் என்றால் அதே ஆனைமலைக் காப்பகத்தில் இருக்கும் டாப்ஸ்லிப்பில் வனத்துறை ஓய்வு இல்லங்கள் இருக்கின்றன. அங்கேயும் சுற்றிலும் இருப்பதில் பெரும்பகுதி தேக்கு, அசல் மழைக்காடு பார்க்கக் கரியன் சோலைக்குப் போக வேண்டும். வசதி எளிமையானது. படுக்கை, பாத்ரூம் பற்றி முகம் சுளிக்காதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான், ஏனென்றால் அங்கே ஏமாற்ற ஒன்றும் இல்லை. ஆகும்பே நிஜமான மழைக்காடு, ராஜநாகத்துக்குப் பேர்போனது. ரோமுலஸ் விட்டேக்கர் 2005-ல் ஆரம்பித்த மழைக்காட்டு ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நமக்குத் தூரம் அதிகம். போதாததற்கு, மழை குறைந்து நடக்க வசதியாக இருக்கும் டிசம்பரில் இருந்து மே வரைதான் சிவமொக்கா பக்கத்தில் உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சலின் காலமும். 1957-ல் அந்த மாவட்டத்துக் கியாசனூர் காட்டில்தான் அந்தக் காய்ச்சலையே கண்டுபிடித்தார்கள். உங்கள் பட்டியலில் இருந்து ஆகும்பேயை எடுத்துவிடுங்கள்.

வால்பாறைக்கு தர்மபுரியில் இருந்து 330 கிலோமீட்டர் பக்கம் வரும். ஒரே மூச்சில் காரில் போகாதீர்கள். கடைசி 60 சொச்சம் கிலோமீட்டரில் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. காலையில் தர்மபுரியைத் தாண்டும் எர்ணாகுளம் இன்டர்சிட்டியைப் பிடித்தால் மதியம் கோவை. அன்றிரவு பொள்ளாச்சியில் படுத்துவிட்டு, காலையில் வயிற்றை லேசாக வைத்துக்கொண்டு மலை ஏறுவதுதான் அம்மாவுக்கு நல்லது. ஏறும்போது ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இ-பாஸ் விதிகளையும் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை அடிக்கடி மாறுகின்றன.

சரி, லாட்ஜுக்கு வருவோம். 'இகோ' என்ற எழுத்தைப் பெயரில் சேர்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. காட்டேஜ் மேல் நாலு கீற்றுத் தட்டியும், ரிசப்ஷனில் 'துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' என்ற அட்டையும் இருந்தால் போதும், வாடகை ஏறிவிடும். யானை வழித்தடத்திலேயே ரிசார்ட் கட்டிவிட்டு இயற்கைச் சுற்றுலா என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. நீலகிரி சீகூரில் அப்படி எழுந்தவற்றுக்கு 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த வழித்தட அறிவிப்பு செல்லும் என்றும் தீர்ப்பு வந்தது. எனவே போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாமல் போன் போட்டுப் பேசுங்கள்.

நான் முதலில் கேட்கும் கேள்வி: "உங்கள் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, பக்கத்தில் ஓடை எவ்வளவு தூரம்?" சிரிப்பார்கள். சிரித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். மழைக்காட்டில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும், மண் எப்போதும் ஊறியே இருக்கும். நம் ஊரில் குழி தோண்டி விட்டால் உறிஞ்சிக்கொள்ளும் கழிவுநீர், அங்கே மழைக்காலத்தில் மேலே ததும்பி நேராக ஓடைக்குப் போகும். அந்த ஓடையில்தான் கீழே இருக்கும் குடியிருப்பு ஜனங்கள் தண்ணீர் எடுப்பார்கள், அந்த ஓடையில்தான் உலகில் வேறெங்கும் இல்லாத தவளை முட்டையிடும். இதை யோசித்துக் கட்டியவர் குளியலறைத் தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று பிரித்து, கல்வாழை, நாணல் நட்ட பாத்தி வழியாக வடிய விட்டிருப்பார். அதைப் பற்றிக் கேட்டால் மகிழ்ச்சியாகப் பேசுவார், வந்ததும் கூட்டிப்போய்க் காட்டவும் செய்வார். யோசிக்காதவர், 'அதெல்லாம் இருக்கு சார், உங்களுக்கு எத்தனை ரூம்?' என்று பேச்சை மாற்றுவார். எனக்கு அந்தப் பதிலே போதும்.

போய் இறங்கியதும், வராந்தாவை ரசிக்குமுன் சமையற்கட்டின் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், டீ கேட்கிற மாதிரி போகலாம். காய்கறித் தோலும் மிச்ச சோறும் மூடி போட்ட குழியில் இருக்கிறதா, திறந்த வெளியில் கொட்டிக் கிடக்கிறதா? கொட்டிக் கிடந்தால் இரவில் காட்டுப்பன்றி வரும், அதற்குப் பின்னாலேயே சிறுத்தையும் வரும். கரடிக்கும் வாசம் பிடிக்கும். எண்ணெய்ப் பாக்கெட், பால் கவர் எல்லாம் மூட்டை கட்டிக் கீழே அனுப்பத் தயாராக இருக்கிறதா, எரித்த கரியாக இருக்கிறதா? ஆற்றுப்பக்கச் சரிவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் கவர் சறுக்கிக் கிடக்கிறதா? முன்பக்கத்தில் எவ்வளவு மூங்கில் வைத்தாலும் பின்பக்கம் பொய் சொல்லாது. வெந்நீர் பாய்லர் அங்கேதான் இருக்கும். விறகு பாய்லர் என்றால் விறகு என்ன மரம் என்று பாருங்கள். தோட்டத்தில் கழித்த சவுக்கு, யூகலிப்டஸ் என்றால் பரவாயில்லை.

'முழுக்க சோலார்' என்று சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள். வாரக்கணக்கில் சூரியனே தெரியாத ஊரில் சோலார் மட்டும் எப்படி ஓடும்? கர்நாடகத்து மலைநாட்டுப் பக்கம் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சின்ன டர்பைன் சுற்றிக் கரண்ட் எடுக்கும் தோட்ட வீடுகள் நிறைய உண்டு, மழைக்காட்டுக்கு அதுதான் பொருத்தம். அது இல்லாதவர்கள் டீசல் ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள் மறைத்து வைத்திருப்பார்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பது குற்றமில்லை. எத்தனை மணி வரை ஓடும், உங்கள் அறையில் இருந்து எவ்வளவு தூரம் என்று நேர்மையாகச் சொன்னால் சரி.

விளக்கு இதைவிட முக்கியம். காம்பவுண்டு முழுக்க வெள்ளை எல்.இ.டி. எரியும் விடுதியில் இரவு என்ற ஒன்றே இருக்காது. சுற்றுவட்டாரப் பூச்சியெல்லாம் அந்த விளக்கில் வந்து செத்துக் கிடக்கும், பூச்சியைத் தேடித் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். மங்கலான மஞ்சள் விளக்கு, அதுவும் கால் வைக்கும் படியில் மட்டும், பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுவோம் என்று சொல்லும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கேம்ப் ஃபயர், டி.ஜே., ஸ்பீக்கர் உண்டு என்று சொன்னால் போனை வைத்துவிடலாம்.

வேலை செய்பவர்கள் யார் என்பதையும் பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள். சமையலும் காவலும் மட்டும் உள்ளூர்க்காரர், வழிகாட்டி டவுனில் இருந்து வந்தவர் என்றால் எனக்கு அந்த இடம் ஒட்டாது. காடர், மலசர் போன்ற பழங்குடி ஆட்களோ தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களோ கூட நடந்தால் அந்த நடையே வேறு. அவர்கள் வாயைத் திறந்து பெரிதாக விளக்க மாட்டார்கள், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார்கள். பறவையை வரவழைக்கப் போனில் அதன் குரலைத் திரும்பத் திரும்பப் போடும் வழிகாட்டி, இருவாச்சிக் கூட்டுக்கு நேர் கீழே நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லும் வழிகாட்டி இருவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டை இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும், சேவல் கொண்டுவரும் பழத்தை நம்பித்தான் அதற்கும் குஞ்சுக்கும் உயிர். கீழே கூட்டம் நின்றால் சேவல் மரத்தை நெருங்காது.

அட்டை. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், பயப்பட வேண்டியது ரொம்பக் குறைவு. ஜனவரியில் காய்ந்த பாதையில் இருக்காது, ஓடை ஓரத்தில் இருக்கும். அட்டைக்காகவே விற்கும் நீளக் காலுறையை முழங்கால் வரை ஏற்றி, அதற்குமேல் ஷூ போட்டால் போதும். அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் அதற்குள்ளும் இதைப் போடலாம். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், தரையில் உரசும் துணி வழியாகத்தான் ஏறும். கடித்திருந்தால் பதறிப் பிடுங்கவோ தீ வைக்கவோ வேண்டாம். மெலிந்த முனைதான் வாய், அதற்கு அடியில் நகத்தை வைத்து ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும். உமிழ்நீரில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினால் சரியாகும். ஆனால் உங்கள் அம்மா சாப்பிடும் இதய மாத்திரைகளில் ரத்தத்தை உறைய விடாத மாத்திரை இருந்தால் இந்தக் கசிவு லேசில் நிற்காது. சர்க்கரையும் இருப்பதால் சொறிந்து புண்ணாக்கினால் ஆற நாளாகும். கிளம்புமுன் அவருடைய டாக்டரிடம் இதை மட்டும் குறிப்பாகக் கேட்டுவிடுங்கள். அம்மாவை ஓடைப்பாதைக்கு அழைத்துப் போகாமல் தேயிலைச் சாலையில் நடக்க விடுவது இன்னும் நல்லது.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக: மழைக்காட்டில் இலையோடு இலையாக, படிக்கட்டுக் கைப்பிடியில்கூடக் குழிவிரியன் சுருண்டிருக்கும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்காகச் செய்தது, குழிவிரியனுக்கு அது இல்லை. கடித்தால் உயிர் போவது அபூர்வம், வலியும் வீக்கமும் கடுமை. இருட்டில் டார்ச் இல்லாமல் எதையும் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம், காலில் புண்ணோடு சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

மகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வால்பாறைத் தோட்டங்களில் சிறுத்தை குழந்தைகளைத் தாக்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. மாலை வெளிச்சம் மங்கியதும் முற்றத்தில்கூடத் தனியாக விளையாட விடாதீர்கள், பக்கத்து அறைக்குப் போனாலும் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். பயமுறுத்தி வைக்க வேண்டியதில்லை, நம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு யானையைப் பற்றிச் சொல்லி வளர்ப்பது போல இயல்பாகச் சொல்லிவிட்டால் போதும். வால்பாறையில் யானை நடமாட்டத்தை ஊர்க்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸிலும், சாலை ஓரத்துச் சிவப்பு எச்சரிக்கை விளக்கிலும் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் நடை போக வேண்டாம். லாட்ஜ் ஆளுக்கு இந்த எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று கேட்டு வையுங்கள். வராவிட்டால் அவர் ஊரோடு ஒட்டாமல் தொழில் செய்கிறார் என்று அர்த்தம்.

மூட்டை கட்டுவதில் ஒரே விஷயம், ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் மூன்று நாளும் காயாது. குடை, மெல்லிய பேன்ட், ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள், பைனாகுலர். பைனாகுலர் இல்லாமல் 40 மீட்டர் மரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிச்சம். அம்மாவின் மாத்திரையைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், ஈரத்தில் இளகிவிடும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

அப்போ ஆகஸ்ட் லீவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒகேனக்கல்லை நம்ப வேண்டாம். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பும் மாதம் அது, தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலும் குளியலும் தடை என்று அறிவிப்பு வந்துவிடும். அருவியைத் தூர நின்று பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பச்சைக் காடுதான் வேண்டும், 70 கொண்டை ஊசி வளைவு பரவாயில்லை என்றால் கொல்லிமலை இருக்கிறது. உச்சியில் சோலைத் துண்டுகள் உண்டு. ஆனால் லீவு நாளில் அங்கே கூட்டம் தாங்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேன்கனிக்கோட்டை தாண்டி அய்யூருக்குப் போவேன். வனத்துறையின் சூழல் பூங்கா இருக்கிறது, தங்கும் குடில்களும் உண்டு. ஆகஸ்டில் சாரலும் குளிருமாக இருக்கும், பக்கத்தில் சாமி ஏரி, மேலே பெட்டமுகிலாளம். மழைக்காடு இல்லை, நம் காடுதான். ஆனால் டி.வி. இல்லாத இரவு, சில்வண்டுச் சத்தம், எட்டு மணிக்கே கும்மிருட்டு, எளிமையான கட்டில் எல்லாம் அங்கேயும் கிடைக்கும். ஒரு இரவு தங்கிப் பார்த்தால் அம்மாவுக்குப் பாத்ரூம் படி தோதாக இருக்கிறதா, மகள் இருட்டில் அழுகிறாளா, நீங்கள் போன் சிக்னல் இல்லாமல் கடையை மறந்து இருப்பீர்களா என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். சரிப்பட்டால் ஜனவரிக்கு வால்பாறையில் புக் செய்யுங்கள், சரிப்படாவிட்டால் வண்டியை எடுத்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் தர்மபுரி. குடில் காலியா, அந்த வாரம் யானை நடமாட்டம் எப்படி என்று முன்கூட்டியே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆகஸ்ட் 15 அன்றைக்கே இடம் கேட்டால் கிடைப்பது கஷ்டம், முந்தைய வாரத்தில் ஒரு வார நாளாகப் பாருங்கள்.